கலைச்சொல் உதவி: ஐஸ் ஹாக்கியில் ‘டிரேட்’

வணக்கம் நண்பர்களே,

வட அமெரிக்காவின் என்.எச்.எல். ஹாக்கி பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். 2016 ஜூன் 29 அன்று எட்மன்டன் ஆயிலர்ஸ் அணி தன் முன்கள வீரர் டெய்லர் ஹாலை நியூ ஜெர்சி டெவில்ஸுக்குக் கொடுத்து, அங்கிருந்து தடுப்பாட்டக்காரர் ஆடம் லார்சனை வாங்கிக்கொண்டது. ஆளுக்கு ஆள், வேறெதுவும் இல்லை. இதற்கு ஒரு சொல் வேண்டும். ‘வீரர் மாற்று’ என்று எழுதினால் ஆட்டத்தின் நடுவே இறங்கும் மாற்று வீரர் நினைவுக்கு வருகிறார். ‘வர்த்தகம்’ என்றால் கடை திறந்த மாதிரி இருக்கிறது.

*

> இதற்கு ஒரு சொல் வேண்டும்.

பொருளுக்குப் பொருள், நடுவில் பணம் இல்லை என்றால் ‘பண்டமாற்று’தான். ஏற்கெனவே இருக்கும் சொல்லை விட்டுவிட்டு ஏன் தேட வேண்டும்?

*

பண்டமாற்று வேண்டாம் ஐயா, ஆளைப் பண்டம் ஆக்கிவிடுகிறது. ‘கைமாற்று’ எப்படி? சின்னச் சொல், வாயில் நிற்கும்.

*

அக்கா, கைமாற்று என்றால் எங்கள் ஊரில் மாசக் கடைசியில் பக்கத்து வீட்டில் வாங்கும் ஐந்நூறு ரூபாய். திருப்பித் தந்தாக வேண்டும். கால்பந்தில் ஒரு பருவத்துக்கு மட்டும் ஆளை வேறு கிளப்புக்கு அனுப்புகிறார்களே, அதற்கு எடுத்து வையுங்கள், கச்சிதமாகப் பொருந்தும்.

பண்டமாற்று பற்றி ஐயா சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது என்பதுதான் சங்கடம். கால்பந்தில் வீரர் சம்மதிக்காமல் வேறு கிளப்புக்கு விற்க முடியாது. என்.எச்.எல்.லில், தன் சம்மதம் இல்லாமல் வேறு அணிக்கு அனுப்பக் கூடாது என்னும் தடைப்பிரிவு வீரரின் ஒப்பந்தத்தில் இல்லாதவரை அணி நினைத்த இடத்துக்கு அனுப்பலாம். ஹால் விவகாரம் நடந்த அதே நாளில் மான்ட்ரியல் அணி பி.கே. சுப்பனை நாஷ்வில்லுக்கு அனுப்பி ஷே வெபரை எடுத்தது. சுப்பனின் தடைப்பிரிவு ஜூலை 1 முதல்தான் அமலுக்கு வருவதாக இருந்தது. இரண்டே நாள்! அப்படிப் பார்த்தால் ‘பண்டம்’ அவ்வளவு அநியாயமான சொல் இல்லை. ஆனாலும் கலைச்சொல்லிலேயே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம் என்பது என் கட்சி.

சொல் எதைச் சுமக்க வேண்டும்? ஆயிலர்ஸ் ஏன் இதைச் செய்தது என்று பார்த்தால் விடை கிடைக்கும். அணிகள் முறைவைத்துப் புது இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் ‘டிராஃப்ட்’டில் 2010, 2011, 2012 மூன்று ஆண்டுகளிலும் முதல் தேர்வு அவர்களுக்கே. ஹால், நியூஜென்ட்-ஹாப்கின்ஸ், யாகுபோவ் என்று மூவரும் முன்களக்காரர்கள். 2015இல் கானர் மெக்டேவிட்டும் வந்தார். முன்னே இத்தனை பேர் இருந்தும் 2006க்குப் பிறகு பிளேஆஃப் (பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) பக்கமே போகவில்லை, ஏனென்றால் பின்களம் ஓட்டை. அதிலும் வலக்கைத் தடுப்பாட்டக்காரர் லீக் முழுவதுமே அரிது. சம்பள உச்சவரம்பு வேறு இருப்பதால் காசை இறைத்து ஆள் பிடிக்கவும் வழியில்லை. தன்னிடம் மிகுந்திருப்பதைக் கொடுத்து இல்லாததை வாங்க வேண்டும். ஆகவே ‘மாற்றம்’ மட்டும் போதாது. எதற்கு எது என்பதும் சொல்லுக்குள் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் வருவது வீரராகவே இருக்க வேண்டியதும் இல்லை, வருங்காலத் தேர்வுரிமையாகவும் இருக்கலாம். அதனால் ‘ஆள்’, ‘வீரர்’ இரண்டும் சொல்லில் வேண்டாம்.

என் பரிந்துரை ‘ஈட்டுமாற்று’. வினையாக்கினால்: ‘ஹாலை லார்சனுக்கு ஈட்டுமாற்றினர்’.

*

> என் பரிந்துரை ‘ஈட்டுமாற்று’.

ஈடு என்றாலே சமம் என்று ஆகிவிடுகிறதே தம்பி! எட்மன்டன் ரசிகர்கள் கொதித்ததே அது சமம் இல்லை என்றுதான். ஹால் 2017-18 பருவத்தில் 93 புள்ளி எடுத்து, லீக்கின் மிகச் சிறந்த வீரருக்கான ஹார்ட் கோப்பையையும் வாங்கினார். லார்சன் கோல் போடுகிறவரே இல்லை. இன்னொன்று, ‘ஈட்டு’ என்று பார்த்ததும் பொருள் ஈட்டுவதுதான் தோன்றுகிறது.

*

இரண்டாவது குறையை ஒப்புக்கொள்கிறேன் அண்ணா. ‘ஈடுமாற்று’ என்றே எழுதலாம். இலக்கணம் பார்ப்பவர்கள் திட்டட்டும். முதலாவதை ஏற்க மாட்டேன். இழப்பீடு என்கிறோம், அது இழந்ததற்குச் சமமாக என்றைக்கு இருந்திருக்கிறது? ஒன்றின் இடத்தில் வைப்பதுதான் ஈடு. லார்சன் வந்த முதல் பருவத்திலேயே ஆயிலர்ஸ் பிளேஆஃப் போய், சான் ஹோசேயை வென்று, அனஹைமிடம் ஏழாவது ஆட்டத்தில்தான் தோற்றது. அதில் லார்சனின் பங்கு எவ்வளவு, மெக்டேவிட்டின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். புள்ளிக் கணக்கு கோலையும் கோலுக்கு உதவியதையும்தான் எண்ணும். விழாமல் தடுத்த கோலை எண்ணாது. என்னைக் கேட்டால் ஆயிலர்ஸ் கூடுதலாகவே கொடுத்துவிட்டது. லார்சனோடு ஒரு தேர்வுரிமையாவது கேட்டிருக்கலாம். அப்போதும் அது ஈடுமாற்றுத்தான், மோசமான ஈடுமாற்று.

*

ஐ.பி.எல்.லுக்கு இது ஒத்துவராதே? 2023இல் ஹர்திக் பாண்டியா குஜராத்திலிருந்து மும்பைக்குப் போனது முழுக்கப் பணத்துக்கு. எதிர்ப்பக்கம் ஆள் வரவில்லை. அதையும் அவர்கள் டிரேட் என்றுதான் சொன்னார்கள்.

*

அவர்கள் சொன்னால் சொல்லட்டும் அக்கா, அது விலைக்குப் போன ‘அணிமாற்றம்’. நமக்கு இரண்டு சொல் கிடைப்பது நல்லதுதான்.

*

அனைவருக்கும் நன்றி. கட்டுரையில் ‘ஈடுமாற்று’ போட்டுவிட்டேன். பண்டமாற்று ஐயா இன்னும் சமாதானம் ஆகவில்லை என்று தெரியும். அடுத்து ஒன்று: பருவத்தின் நடுவே ஒரு நாள் குறித்து, அதற்குப் பிறகு ஈடுமாற்றி வரும் வீரரைப் பிளேஆஃபில் ஆடவிட மாட்டார்கள். அந்த நாளுக்கு ‘ஈடுமாற்றுக் கெடு’ என்று எழுதலாமா, நாக்கு சுளுக்குமா?