டிகிரி டே கணக்கில் புழுக்கத்தை எப்படிச் சேர்ப்பது?

வேளச்சேரியில் 12 வீடுகள் உள்ள எங்கள் அபார்ட்மென்ட்டில் 2024 ஏப்ரலில் மொட்டைமாடிக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடித்தோம். கரன்ட் உண்மையிலேயே மிச்சமாகிறதா என்று தெரிய வேண்டும். வருடத்துக்கு வருடம் வெயில் மாறுவதால் பில்களை அப்படியே ஒப்பிட முடியாது. அதனால் கூலிங் டிகிரி டே போட்டேன்; அதாவது ஒரு நாளின் சராசரி வெப்பநிலை ஓர் அடிப்படை அளவைவிட எத்தனை டிகிரி அதிகமோ, அதை நாள்தோறும் கூட்டும் கணக்கு. இரண்டு வாரமாக ஒரே இடத்தில் நிற்கிறேன்.

முதலில் அமெரிக்காவில் வழக்கமான 18.3 டிகிரியை, அதாவது 65 ஃபாரன்ஹீட்டை, அடிப்படையாக வைத்தேன். மே மாதத்தில் ஒரு நாள் அதிகபட்சம் 38, குறைந்தபட்சம் 28 என்றால் சராசரி 33, அன்றைக்கு 14.7. ஜனவரியில் 29, 21 என்றால் சராசரி 25, அதற்கே 6.7 வந்துவிடுகிறது. ஜனவரியில் இங்கே யாரும் ஏசியைத் தொடுவதே இல்லை! அடிப்படையை 24 ஆக்கினேன். மே 9, ஜனவரி 1. இது நம்பும்படி இருக்கிறது.

பில் இரண்டு மாதத்துக்கு ஒன்று என்பதால் ரீடிங் எடுத்த தேதிகளுக்கே கூட்டினேன். மீனம்பாக்கம், நுங்கம்பாக்கம் வானிலை நிலையங்கள் இரண்டின் வெப்பநிலையையும் போட்டுப் பார்த்துவிட்டேன். செப்டம்பர், அக்டோபர் மட்டும் ஒட்டவே மாட்டேன் என்கிறது: டிகிரி டே குறைவு, யூனிட் அதிகம். புழுக்கத்தில் இரவெல்லாம் ஏசி ஓடுவதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

கையில் இருப்பவை: மூன்று வருட யூனிட், தினசரி அதிகபட்ச, குறைந்தபட்ச வெப்பநிலை, காலை 8.30, மாலை 5.30 மணி ஈரப்பதம். எல்லாம் எக்செல்லில்.

இவற்றை மட்டும் வைத்து ஈரப்பதத்தையும் டிகிரி டேயில் சேர்க்க எந்த முறை சரியாக வரும்?