சப்வூஃபரில் அடங்காத இரைச்சல்: எர்த் பின்னைக் கழற்றிவிடலாமா?

கேள்வி
வணக்கம். ஒரு வாடிக்கையாளர் வீட்டின் மாடி அறையில் சென்ற வாரம் 5.1 ஹோம் தியேட்டர் பொருத்திக் கொடுத்தேன். படம் ஓடும்போது குறை தெரியவில்லை. நிறுத்திவிட்டால் சப்வூஃபரிலிருந்து ‘ம்ம்ம்’ என்ற தாழ்ந்த இரைச்சல் விடாமல் வருகிறது. ரிசீவரும் டிடிஎச் செட்டாப் பாக்ஸும் டிவிக்குக் கீழே ஒரு பிளக் போர்டிலும், சப்வூஃபர் பின்மூலையில் வேறொரு போர்டிலும் உள்ளன. சப்வூஃபர் பிளக்கின் எர்த் பின்னைக் கழற்றியதும் இரைச்சல் நின்றது. அப்படியே விட்டுவிடலாம் என்கிறார் அந்த வீட்டு எலக்ட்ரீஷியன். எனக்கு மனம் ஒப்பவில்லை.

மறுமொழி 1
தயவுசெய்து அந்தப் பின்னை மீண்டும் மாட்டிவிடுங்கள். எர்த் இருந்தால், உள்ளே மின்கசிவு ஏற்பட்ட கணமே 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கசிவைக் கண்டதும் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுந்துவிடும். இல்லாவிட்டால், வீட்டுக் குழந்தை அந்தப் பெட்டியின் பின்புற உலோகத் தகட்டைத் தொட்ட பிறகுதான் விழும். நீங்கள் கேட்பது பெரும்பாலும் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ். மற்ற ஸ்பீக்கர்கள் ரிசீவரிலிருந்தே இயங்குகின்றன; சப்வூஃபருக்கு மட்டும் தனிக் கரண்ட் இணைப்பும் எர்த்தும் இருப்பதால்தான் அதில் மட்டும் கேட்கிறது. சப்வூஃபருக்கு எர்த் ஒரு வழியாகவும், டிஷ் கேபிளின் வலையுறை வழியாக இன்னொரு எர்த்தும் சேர்ந்து வளையமாகி, அதில் ஓடும் மின்னோட்டம் இரைச்சலாகக் கேட்கலாம். செட்டாப் பாக்ஸிலிருந்து டிஷ் கேபிளைக் கழற்றிப் பாருங்கள். இரைச்சல் நின்றால், அந்தக் கேபிளில் ஓர் ஐசொலேட்டர் (சிக்னலை மட்டும் விட்டு, எர்த் தொடர்பைத் துண்டிக்கும் சிறு கருவி) போடுங்கள்.

மறுமொழி 2
சோதனை சரி, தீர்வில் ஒரு திருத்தம் தேவை. சாதாரணக் கேபிள் டிவிக்கு அந்த ஐசொலேட்டர் பொருந்தும். டிடிஎச்சில், டிஷ்ஷின் முகப்பில் சிக்னலை வாங்கும் எல்என்பி என்ற கருவிக்கு வேண்டிய 13 அல்லது 18 வோல்ட் அதே கேபிளில்தான் மேலே ஏறுகிறது. ஐசொலேட்டர் அதை மறித்துவிட்டால் சிக்னலே வராது. நானே ஒரு முறை அப்படிப் போட்டுவிட்டு, டிஷ் திரும்பிவிட்டதென்று மொட்டை மாடி வெயிலில் ஒரு மணி நேரம் அதைத் திருப்பிக்கொண்டிருந்தேன். ஆகவே ரிசீவருக்கும் சப்வூஃபருக்கும் இடையே செல்லும் ஆர்சிஏ கேபிளில் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போடுங்கள்; அது ஒலியை மட்டும் கடத்தி, எர்த் வளையத்தை அங்கே துண்டித்துவிடும். மலிவானவற்றில் ஆழ்ந்த பேஸ் குறைந்துவிடும் என்பதால், 20 ஹெர்ட்ஸ் வரை தாங்கும் என்று குறிப்பிட்டிருப்பதை வாங்குங்கள். அந்த ஆர்சிஏ கேபிள் கரண்ட் ஒயர் போகும் பைப்பிலேயே போகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்
இருவருக்கும் நன்றி. டிஷ் கேபிளைக் கழற்றியதும் இரைச்சல் சட்டென்று அடங்கியது. மாடிக்குப் போய்ப் பார்த்தால், டிஷ்ஷின் கால் தண்ணீர்த் தொட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தோடு போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருந்தது; மோட்டாரின் எர்த் கம்பியும் அதே சட்டத்தில்தான் சுற்றப்பட்டிருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மர் போட்டு, எர்த் பின்னையும் மாட்டிவிட்டேன். இப்போது காதைச் சப்வூஃபரோடு ஒட்டி வைத்தால்தான் ஏதோ கேட்கிறது. ஆர்சிஏ கேபிள் தனிப் பைப்பில்தான் போகிறது.

மறுமொழி 1
எல்என்பி விஷயம் எனக்குத் தோன்றாமல் போயிற்று. திருத்தியதற்கு நன்றி, ஐயா.