பி அண்ட் ஐடி கையில் இருக்கிறது, ஆனால் பிளான்டில் போய் நின்றால் ஒன்றும் புரியவில்லை

புதுஷிப்ட்:
வணக்கம். டிப்ளமோ கெமிக்கல் முடித்துவிட்டு ஒரு சால்வன்ட் ரெகவரி பிளான்டில் ட்ரெய்னி ஆபரேட்டராகச் சேர்ந்து ஏழு வாரம் ஆகிறது. காலேஜில் ட்ராயிங் என்றால் முன்தோற்றம், மேல்தோற்றம் என்று செட்ஸ்கொயர் வைத்துக் கோடு போட்டதோடு சரி. இங்கே பி அண்ட் ஐடி (பைப், வால்வ், கருவிகள் எப்படி இணைந்திருக்கின்றன என்று காட்டும் ட்ராயிங்) கட்டு ஒன்றைக் கையில் கொடுத்து, இரண்டு வாரத்தில் டிஸ்டிலேஷன் செக்ஷன் முழுக்க லைன் ட்ரேஸ் பண்ணிக் காட்ட, அதாவது ட்ராயிங்கில் இருக்கிற ஒவ்வொரு பைப்பையும் நேரில் தொடர்ந்து போய்க் காட்டச் சொல்லிவிட்டார்கள். சிம்பல்களுக்கு அர்த்தம் போட்டிருக்கும் லெஜன்ட் தாளை மனப்பாடம் செய்து பார்த்தேன், காலையில் எழுந்தால் பாதி மறந்துவிடுகிறது. அதைவிடக் கஷ்டம், தாளில் பம்ப்புக்கு இடப்பக்கம் இருக்கிற வால்வ் நேரில் தலைக்கு மேலே எங்கேயோ இருக்கிறது. சீனியர்கள் பார்த்ததும் சொல்லிவிடுகிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

முப்பது_வருட_ஷிப்ட்:
தம்பி, மனப்பாடத்தை முதலில் நிறுத்துங்கள். பி அண்ட் ஐடியில் ஸ்கேலும் கிடையாது, இடமும் கிடையாது. எது எதோடு சேர்ந்திருக்கிறது, எந்த வரிசையில் சேர்ந்திருக்கிறது, அது மட்டும்தான் அதில் இருக்கும். இடப்பக்கம் வரைந்த வால்வ் தலைக்கு மேல் இருந்தால் தப்பே இல்லை. பம்ப்புக்கும் ஸ்ட்ரெய்னருக்கும் நடுவில் வரைந்தது நேரில் ஸ்ட்ரெய்னருக்கு முன்னால் இருந்தால்தான் தப்பு.

ஒரு நாள் பிஎஃப்டியை (ப்ராசஸ் ஓட்டத்தை மட்டும் காட்டும் எளிய படம்) மட்டும் வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஃபீட் எங்கே உள்ளே வருகிறது, எங்கே சூடாகிறது, மேலே என்ன போகிறது, கீழே என்ன போகிறது என்று யாருக்காவது வாய்விட்டுச் சொல்ல முடிகிறதா பாருங்கள். அதற்கு அப்புறம் பி அண்ட் ஐடியில் ஒரே ஒரு பம்ப்பை எடுங்கள், ரிஃப்ளக்ஸ் பம்ப் (குளிர்ந்த திரவத்தைக் காலத்துக்கே திருப்பி அனுப்புவது) என்று வைத்துக்கொள்வோம். ட்ரம்மின் அடியிலிருந்து விரலை வைத்து நகர்த்துங்கள். சக்ஷன் வால்வ், ஸ்ட்ரெய்னர், ரெடியூசர், பம்ப், பிரஷர் கேஜ், என்ஆர்வி (ஒரே திசையில் மட்டும் ஓட விடும் வால்வ்), டிஸ்சார்ஜ் வால்வ். ஒவ்வொன்றிலும் நின்று, இது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று கேளுங்கள். என்ஆர்வி இல்லாவிட்டால் ஓடுகிற ஏ பம்ப்பின் பிரஷர் நின்றுகொண்டிருக்கிற பி பம்ப் வழியாகத் திரும்பி, அதைத் தலைகீழாகச் சுற்ற வைக்கும். சக்ஷனில் எக்சென்ட்ரிக் ரெடியூசர் போட்டு 'எஃப்ஓடி' (ஃபிளாட் ஆன் டாப்) என்று எழுதியிருந்தால் தட்டைப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று அர்த்தம், இல்லாவிட்டால் அந்த முட்டில் ஆவி தங்கி பம்ப்புக்குள் போய்விடும். காரணம் தெரிந்த சிம்பல் மறக்காது.

லைன் நம்பரையும் விடாதீர்கள். 4 இன்ச்-பி-1012-ஏ1ஏ-எச் என்று இருந்தால் சைஸ், உள்ளே ஓடுவது என்ன, வரிசை எண், பைப் கிளாஸ், இன்சுலேஷன். வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உங்கள் லெஜன்ட் தாளில் பாருங்கள். பைப் கிளாஸ் நடுவில் மாறுகிற இடத்தில் ஒரு குறி போட்டிருப்பார்கள், அந்த இடத்துக்கு நேரில் போய் ஏன் மாறுகிறது என்று யோசியுங்கள். ஒரு பக்கம் அதிக பிரஷர் தாங்கும் பைப், மறுபக்கம் தாங்காது, நடுவில் இருக்கிற வால்வைத் தப்பாகத் திறந்தால் என்ன ஆகும்?

கருவிப்பட்டறை:
அண்ணன் சொன்னதோடு இன்ஸ்ட்ருமென்ட் பக்கம் நான் சேர்க்கிறேன். வட்டத்துக்குள் இருக்கிற எழுத்துகள் பெரும்பாலும் ஐஎஸ்ஏ 5.1 முறைப்படி இருக்கும். முதல் எழுத்து எதை அளக்கிறோம், அடுத்த எழுத்துகள் அதை வைத்து என்ன செய்கிறோம். அதனால்தான் டிடி (TT) என்பதில் முதல் 'டி' டெம்பரேச்சர், இரண்டாவது 'டி' ட்ரான்ஸ்மிட்டர். பிடிஐ (PDI) என்பதில் நடுவில் வரும் 'டி' (D) வித்தியாசத்தைக் குறிக்கும், அதாவது டிஃபரன்ஷியல் பிரஷர். வட்டம் வெறுமனே இருந்தால் கருவி ஃபீல்டில், நடுவில் ஒரு கோடு இருந்தால் கன்ட்ரோல் ரூமில், வட்டத்தைச் சுற்றிச் சதுரம் இருந்தால் டிசிஎஸ் (பிளான்டைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர் அமைப்பு). விட்டுவிட்டு வரும் கோடு எலக்ட்ரிக்கல் சிக்னல், கோட்டின் மேல் இரட்டைச் சாய்கோடு இருந்தால் நியூமேட்டிக்.

கன்ட்ரோல் வால்வ் பக்கத்தில் எஃப்சி (ஃபெயில் க்ளோஸ்ட்), எஃப்ஓ (ஃபெயில் ஓப்பன்) என்று இருப்பதைத்தான் புதியவர்கள் தாண்டிப் போய்விடுகிறார்கள். இன்ஸ்ட்ருமென்ட் ஏர் போனால் வால்வ் எங்கே போய் நிற்கும் என்பது அது. காலத்தின் அடியில் சூடேற்றும் ரீபாய்லருக்குப் போகும் ஸ்டீம் வால்வ் மூட வேண்டும், சூடு நிற்க வேண்டும் இல்லையா, அதனால் எஃப்சி. கண்டென்சரின் கூலிங் வாட்டர் வால்வ் திறக்க வேண்டும், அது எஃப்ஓ. உங்கள் செக்ஷனில் இருக்கிற எல்லா கன்ட்ரோல் வால்வையும் எழுதி, எது எதற்கு என்று தாளைப் பார்க்காமல் முதலில் நீங்களே தீர்மானியுங்கள், அப்புறம் ட்ராயிங்கோடு ஒப்பிடுங்கள். இதைச் செய்தால் சிம்பல் மட்டுமல்ல, ப்ராசஸே பிடிபட்டுவிடும்.

ஐசோ_மேசை:
பைப் நேரில் எப்படி வளைந்து போகிறது என்று தெரிய வேண்டுமானால் பார்க்க வேண்டியது ஐசோமெட்ரிக், பி அண்ட் ஐடி இல்லை. அதில் முதலில் வடக்கு அம்புக்குறியைக் கண்டுபிடியுங்கள். பிளான்டில் வடக்கு எந்தப் பக்கம் என்று தெரியாமல் ஐசோவைத் திறக்கவே கூடாது. நிமிர்ந்த கோடு மேலும் கீழும், 30 டிகிரி சாய்ந்த கோடுகள் தரையோடு போகிறவை. கோட்டின் நீளத்தை நம்ப வேண்டாம், எழுதியிருக்கிற எண்ணை மட்டும் நம்புங்கள். நான் கற்றுக்கொண்டபோது ஒரு ஃபோர்மேன் மெல்லிய கம்பி ஒன்றைக் கொடுத்து, ஐசோவைப் பார்த்து அதை அப்படியே வளைக்கச் சொன்னார். மூன்றாவது எல்போவில் தப்பான பக்கம் வளைத்துவிட்டேன், அவர் ஒன்றும் சொல்லாமல் கம்பியை நீட்டித் திரும்பக் கொடுத்தார். பத்து ஐசோ அப்படி வளைத்துப் பாருங்கள், கோடு கோடாகத் தெரியாது.

முப்பது_வருட_ஷிப்ட்:
இன்னொன்று, மனசில் இருப்பதால் சொல்லிவிடுகிறேன். ட்ராயிங்கை எடுத்ததும் ரெவிஷன் எண்ணைப் பாருங்கள். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஷட்டவுனுக்கு பிளைண்ட் லிஸ்ட்டை (எந்தெந்த பைப்பைத் தகடு வைத்து அடைக்க வேண்டும் என்ற பட்டியல்) பழைய ரெவிஷனை வைத்துத் தயாரித்துவிட்டோம். அதற்குப் பிறகு சேர்த்த 1 இன்ச் ஸ்டீம் கனெக்ஷன் ஒன்று அதில் இல்லை. ஃபிளாஞ்ச்சைப் பிரித்தபோது கொதிக்கிற கண்டன்சேட் பீய்ச்சியது, ஃபிட்டர் பக்கவாட்டில் நின்றதால் தப்பித்தார். இன்றைக்கும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது.

இங்கிலாந்தில் ஃபிளிக்ஸ்பரோவில் 1974 ஜூன் 1 அன்று நடந்த வெடிவிபத்தைப் பற்றியும் படியுங்கள். விரிசல் விட்ட ஐந்தாவது ரியாக்டரை எடுத்துவிட்டு, நான்கையும் ஆறையும் 20 இன்ச் பைபாஸ் பைப்பால் இணைத்தார்கள். அந்தப் பைப்புக்கு இருந்த ஒரே ட்ராயிங் பட்டறைத் தரையில் சாக்பீஸால் வரைந்தது. 28 பேர் இறந்தார்கள்.

புதுஷிப்ட்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இன்று காலை ரிஃப்ளக்ஸ் பம்ப் லைனை மட்டும் விரல் வைத்துப் பார்த்துவிட்டு நேரில் போனேன். மேலே ஏறி, கிரேட்டிங்கில் குனிந்து, எல்லா வால்வும் வரிசையாகக் கிடைத்தது. ஆனால் டிஸ்சார்ஜில் என்ஆர்விக்கு அப்புறம் ஒரு முக்கால் இன்ச் ட்ரெய்ன் வால்வ் இருக்கிறது, ட்ராயிங்கில் இல்லை. நான்தான் தப்பாகப் பார்க்கிறேனோ என்று மூன்று தடவை போய்வந்தேன். இதை யாரிடம் சொல்வது?

முப்பது_வருட_ஷிப்ட்:
நீங்கள் தப்பாகப் பார்க்கவில்லை. மாஸ்டர் காப்பியில் எதுவும் எழுதாதீர்கள். ஒரு பிரிண்ட் எடுத்து, சிவப்பு மையில் வால்வை வரைந்து, தேதியும் பெயரும் போட்டு ஷிப்ட் இன்சார்ஜ் கையில் கொடுங்கள், லாக்புக்கிலும் எழுதுங்கள். அந்த ட்ரெய்னுக்கு முனையில் பிளக்கோ பிளைண்ட் ஃபிளாஞ்சோ இருக்கிறதா, அது க்ளோஸ்ட் ட்ரெய்னுக்குப் போகிறதா, இல்லை தரையில் திறந்து கிடக்கிறதா? உள்ளே ஓடுவது சால்வன்ட். நாளைக்கு விட வேண்டாம், இன்றைக்கே பார்த்துச் சொல்லுங்கள்.

புதுஷிப்ட்:
பார்த்தேன் சார். பிளக் இல்லை, வால்வ் மட்டும்தான் மூடியிருக்கிறது. இன்சார்ஜிடம் சொல்லிவிட்டேன், பிளக் போட ஆள் வந்துகொண்டிருக்கிறார்.