சோளக்காட்டுக்குள் நடந்தவர்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து எங்களோடு போட்டிகளுக்கு வந்துகொண்டிருந்த அண்ணன் சென்ற மாதம் காலமானார். அவரோடு மாதிரி விமானம் பறக்கவிட்டவர்கள் ஆளுக்கொரு நினைவைச் சொல்லிவருகிறோம். பலரும் அவர் வாங்கிய கோப்பைகளைப் பற்றிப் பேசினார்கள். எனக்கோ அவர் நடந்த நடைதான் கண்ணுக்குள் நிற்கிறது.

எங்கள் பிரிவு எஃப்1ஏ, அதாவது எஞ்சினோ ரேடியோ இயக்கமோ இல்லாமல் தானாக மிதக்கும் கிளைடர்களுக்கான போட்டிப் பிரிவு. 410 கிராமுக்குக் குறையாத கிளைடரை 50 மீட்டர் கயிற்றில் இழுத்துக்கொண்டு ஓடி, மேலெழும் வெப்பக்காற்று வந்துவிட்டதைக் கயிற்றின் இழுப்பிலேயே உணர்ந்து, அந்தக் கணத்தில் விட வேண்டும். விட்டபின் அதைத் திருப்ப நம் கையில் எதுவும் கிடையாது. ஒரு சுற்றுக்கு வழக்கமாக 180 நொடிதான் கணக்கு. அது முடிந்ததும் உள்ளிருக்கும் டைமர் வால் இறக்கையைச் சட்டென்று நிமிர்த்த, விமானம் மிதப்பை இழந்து இறங்கிவிடும். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் காற்று வீசினாலே அதற்குள் 900 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். டைமர் சிக்கிக்கொண்டால், வெப்பக்காற்று அதை எங்கே கொண்டுபோகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

என் முதல் போட்டியிலேயே அது நடந்தது. நான் அப்போது மாணவன். மலைத்தொடரில் உள்ள வான் ரீனன் கணவாயைத் தாண்டி ஃப்ரீ ஸ்டேட் மாகாணச் சமவெளிக்கு அன்றுதான் முதன்முறையாகப் போயிருந்தேன். நான்கு மாதம் இரவில் விழித்திருந்து பால்சா மரத்தில் செய்த கிளைடர், வால் நிமிராமலே ஏறி ஏறிப் புள்ளியாகி, சோளக்காட்டுக்கு மேலே மறைந்துவிட்டது. செய்வதறியாமல் நின்றவனிடம், அதுவரை ஒரு வார்த்தைகூடப் பேசியிராத அண்ணன் வந்தார்.

"நின்ற இடத்தை விட்டு நகராதே தம்பி. கடைசியாக எதற்கு நேராகப் பார்த்தாய், அதை மட்டும் சொல்."

தூரத்தில் ஒரு யூகலிப்டஸ் மரத்தைக் காட்டினேன். என் தோளுக்குப் பின்னால் நின்று, திசைகாட்டியில் அளந்து, பாகையைச் சிறு தாளில் குறித்துக்கொண்டார். பிறகு இருவரும் ஆளுயரச் சோளத்துக்குள் இறங்கினோம். சோள வரிசைகள் நம்மைத் தம் போக்கிலேயே இழுத்துச் சென்றுவிடும் என்பதால், நூறு அடிக்கு ஒருமுறை நின்று, திசை பார்த்து, இடப்பக்கம் இரண்டு வரிசை மாறிக்கொண்டே போனார். நான் தரையைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் மேலே பார்க்கச் சொன்னார். இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகு அது அங்கேதான் கிடைத்தது, கதிர்ப்பூக்களின் மேல் படுத்தபடி, இறக்கை முழுக்க மகரந்தத் தூளோடு. அண்ணன் அந்தத் தூளை மெல்ல ஊதிவிட்டு, டைமருக்குள் சிக்கியிருந்த புல்லிதழ் ஒன்றை நகத்தால் எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

திரும்பி வந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது, அந்தச் சுற்றில் அவர் தன் விமானத்தைப் பறக்கவிட வேண்டிய நேரம் முடிந்திருந்தது. அன்றைய போட்டியில் அவர் அதுவரை முன்னணியில் இருந்தவர். அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பிறகு ஒருநாளும் பேசவில்லை.

பல ஆண்டுகள் கழித்து, டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் அவர் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு விஷயம் சொன்னார். நிறவெறிச் சட்டங்கள் இருந்த காலத்தில், சிறுவனான அவர் வெள்ளையர்களின் பறக்கும் மைதானத்துக்கு வெளியே, வேலியோரத்தில் நின்று பார்ப்பாராம். வேலியைத் தாண்டி விழும் விமானங்களை எடுத்துப்போய்க் கொடுப்பது மட்டுமே அவருக்குக் கிடைத்த வாய்ப்பு. போட்டி விமானத்தின் எடையும் சமநிலையும் எப்படி இருக்கும் என்பதை அந்தச் சில நிமிடங்களில்தான் அவர் கைகள் அறிந்துகொண்டன. அந்த மைதானத்தின் மேல் அவருக்குக் கோபம் இருந்ததா என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போதெல்லாம் விமானத்துக்குள் சிறிய ரேடியோ சமிக்ஞைக் கருவியை வைத்துவிடுகிறோம். அண்ணனும் வைத்திருந்தார். ஆனாலும் திசையைத் தாளில் எழுதுவதை அவர் நிறுத்தவேயில்லை.

காரியம் முடிந்த மறுநாள் அண்ணி அவருடைய பெட்டியை என்னிடம் கொடுத்தார். கயிற்று உருளைக்கு அடியில் அந்தத் தாள்கள் ரப்பர் வளையமிட்டு அடுக்கியிருந்தன. கிடைத்த விமானங்களுக்கான தாள்களில் குறுக்கே ஒரு கோடு இருந்தது. ஒன்றில் மட்டும் கோடு இல்லை. அது அவருடைய சொந்த விமானத்துக்கானது. சென்ற ஏப்ரலில், உடல்நலம் குன்றியிருந்தபோது பறக்கவிட்டது. அன்று அவரால் நடக்க முடியவில்லை. நாங்கள் தேடிவிட்டு வெறுங்கையோடு திரும்பினோம்.

ஜூலையில் அறுவடை முடிந்துவிடும். பண்ணைக்காரரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். தாளில் உள்ள பாகையைப் பிடித்துக்கொண்டு நடக்கப் போகிறேன். வர விரும்புபவர்கள் சொல்லுங்கள்.