கிணற்றடியில் நிற்பவர்கள் கூட்டத்திலும் இருக்கவேண்டும்

அன்பான ஊர் உறவுகளுக்கு, வணக்கம்.

ஊர்க் குளத்தைத் தூர்வாரவும் பாடசாலையில் மழைநீர்த் தொட்டி கட்டவும் நம் ஊர்ச் சங்கத்தின் ரொறன்ரோ, லண்டன், சிட்னிக் கிளைகள் காசு சேர்ப்பதாக எழுதியிருந்தீர்கள். மிக நல்ல காரியம். கொழும்புக் கிளையும் தன் பங்கைத் தரும். காசு ஊருக்குப் போக முதல் ஒன்றைத் தீர்மானிக்கவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். எந்த வேலை முதலில், எந்த இடத்தில் என்று முடிவெடுக்கிற குழுவில் பாதிப்பேர் பெண்களாக இருக்கவேண்டும். முப்பது வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் அதில் இருக்கவேண்டும். வங்கிக் கணக்கில் கையெழுத்து வைக்கிற இருவரில் ஒருவர் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்திலிருந்து வரவேண்டும்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று அண்ணைமார் சிலர் தொலைபேசியில் கேட்டீர்கள். தண்ணீரை வைத்தே சொல்கிறேன்.

நம் யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்கிற மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, உப்புநீருக்கு மேலே ஒரு படையாக நிற்கிறது. அதைத்தான் குடிக்கிறோம், தோட்டத்துக்கும் இறைக்கிறோம். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் 1 அடி நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடிவரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் படித்தவர்களின் கணக்கு. அப்படியென்றால் மேலே ஒரு அடி குறைந்தால் கீழிருந்து உப்பு எவ்வளவு ஏறும் என்று யோசித்துப் பாருங்கோ. துலாவில் இறைத்த காலத்தில் ஆள் களைத்தால் இறைப்பும் நின்றது. மோட்டர் களைப்பதில்லை. மழையோ இப்போது ஒரேயடியாகக் கொட்டிக் கடலுக்கு ஓடிவிடுகிறது, பிறகு மாதக்கணக்கில் காய்கிறது. கடலும் உயர்ந்துகொண்டிருக்கிறது.

இதை ஊரில் முதலில் அறிகிறவர்கள் நம் மாமிமாரும் அக்காமாரும்தான். ஆவணியில் எந்தக் கிணறு சவர்க்கும், எந்தத் தண்ணீரில் பருப்பு அவியாது, எந்த ஒழுங்கையில் வெள்ளம் வடியாமல் நாட்கணக்கில் நிற்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். கடைசியாக ஊருக்குப் போனபோது ஒரு மாமி தன் கிணற்றுத் தண்ணீரை ஒரு செம்பில் அள்ளித் தந்து, "குடிச்சுப் பார் பிள்ளை" என்றா. நாக்கில் கரித்தது. "பின் தோட்டத்தில மோட்டர் கனநேரம் ஓடினால் அடுத்த நாள் இப்பிடித்தான். ரெண்டு நாள் ஓடாமல் விட்டால் திரும்பவும் குடிக்கலாம்" என்றா. எந்தக் கருவியும் இல்லாமல் அவ சொன்ன அந்த இரண்டு வசனத்தில் எங்கே இறைப்பைக் குறைக்கவேண்டும், எங்கே மழைநீரை மறிக்கவேண்டும் என்பது முழுக்க இருக்கிறது. குளம் பற்றிய கூட்டத்துக்கு அவவை ஒருவரும் கூப்பிடவில்லை. அவவின் கணவரைக் கூப்பிட்டார்கள். அந்த வளவும் கிணறும் அவவின் சீதனம். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி காணி அவவின் பெயரில் இருந்தும், அந்தக் காணியின் தண்ணீரைப் பற்றிப் பேச இடமில்லை என்பது எனக்குத் தாங்கவில்லை.

பெண்களை ஒதுக்கி வைத்தால் உயிரே போகும் என்பதற்குப் பங்களாதேஷ் சாட்சி. 1991 புயலில் அங்கே சுமார் 1,40,000 பேர் இறந்தார்கள். 20 முதல் 44 வயது வரையானவர்களில் ஆயிரத்துக்கு 15 ஆண்கள் போனார்கள் என்றால், பெண்கள் 71 பேர். எச்சரிக்கை ஆண்கள் கூடுகிற இடங்களோடு நின்றது. ஆண்துணை வரும்வரை பெண்கள் பிள்ளைகளோடு வீட்டில் காத்திருந்தார்கள். சேலையோடு வெள்ளத்தில் நீந்தவும் முடியவில்லை. இன்று அந்த நாட்டின் புயல் ஆயத்தத் திட்டத்தில் சுமார் 76,000 தொண்டர்கள், அவர்களில் பாதிப்பேர் பெண்கள். 2020இல் அம்பன் புயல் வந்தபோது 20 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களை முன்கூட்டியே பாதுகாப்பான இடங்களுக்குக் கொண்டுபோனார்கள். இறப்பு சில பத்துகளோடு நின்றது. புகலிடக் கட்டடங்கள், வானிலை அறிவிப்பு எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு. ஆனாலும் கதவைத் தட்டி "வா அக்கா, போவோம்" என்று சொல்ல ஒரு பெண் வந்தது பெரிய விசயம்.

கொழும்பிலும் கண்ணால் கண்டேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து களனி கங்கை பெருகி, கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியபோது, வெள்ளவத்தையில் எங்கள் மாடிவீட்டு விறாந்தையில் நிவாரணப் பொதி கட்டினோம். பட்டியல் எழுதியது பல்கலைக்கழகம் போகிற எங்கள் பெண்பிள்ளைகள். அரிசி, பருப்போடு நாப்கின், குழந்தைக்குப் பால்மா, அளவு எழுதிய உள்ளாடை, டோர்ச், நீரிழிவுக்காரருக்குச் சீனி இல்லாத பிஸ்கட். ஒவ்வொரு பையிலும் உள்ளே இருப்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டினார்கள். முகாமில் ஒரு அம்மா நாப்கின் பொதியைச் சேலைத் தலைப்புக்குள் ஒளித்துக்கொண்டு என் மகளின் கையைப் பிடித்தபடி நின்றா. நாலு நாளாக யாரிடமும் கேட்க முடியாமல் இருந்திருக்கிறா.

இளம் பிள்ளைகள் என்றதும் மரநடுகைப் படத்துக்கு நிற்கவைத்துவிட்டு அனுப்பிவிடுகிற பழக்கம் நமக்கு உண்டு. அது போதாது. என் யோசனை இதுதான்: ஊர்ப் பாடசாலையின் உயர்தரப் பிள்ளைகளுக்கு உப்பு அளக்கிற கையடக்க மீற்றர் சிலதும் முடிச்சுப் போட்ட அளவுக் கயிறும் வாங்கிக் கொடுப்போம். மாதம் ஒருமுறை குறித்த கிணறுகளில் நீர்மட்டத்தையும் உப்பையும் அளந்து சனசமூக நிலையப் பலகையில் எழுதட்டும். மாரிக்கும் கோடைக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தால், மோட்டர் நேரத்தைப் பற்றித் தோட்டக்காரரோடு பேச ஒரு ஆதாரம் கிடைக்கும். வெளிநாட்டில் பிறந்த நம் பிள்ளைகளில் கணினி, புவியியல் படிக்கிறவர்கள் அந்தக் கணக்கை வரைபடமாக்கித் தரலாம். ஊரோடு அவர்களுக்கு ஒரு வேலை இருக்கும்.

"கூப்பிட்டாலும் பெண்கள் வரமாட்டினம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். பின்னேரம் ஆறு மணிக்கு, அடுப்பில் சோறு இருக்கிற நேரத்தில் கூட்டம் வைத்தால் எப்படி வருவார்கள்? ஞாயிறு காலை பத்து மணிக்கு, பாடசாலை மண்டபத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்க்க ஒருவரை வைத்து நடத்திப் பாருங்கோ. உள்ளூராட்சி சபைகளில் பெண்களுக்கான 25 வீத ஒதுக்கீடு 2018 தேர்தலில் நடைமுறைக்கு வரும்வரை நாடு முழுக்கப் பெண் உறுப்பினர் இரண்டு வீதம் அளவில்தான் இருந்தார்கள். இடம் கொடுத்தபின்தான் வந்தார்கள்.

அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு கிளையும் இந்த மூன்றுக்கும், அதாவது குழுவில் பாதி, இளையோருக்கு இடம், கையெழுத்து உரிமை ஆகியவற்றுக்கு, சம்மதமா இல்லையா என்று எழுதுங்கோ. சம்மதம் இல்லையென்றால் காரணத்தையும் எழுதுங்கோ, பேசுவோம். மீற்றர் வாங்க விரும்புகிறவர்கள் தனியாக அறிவித்தால் கொழும்பில் விலை விசாரித்துச் சொல்கிறேன். மாரிக்கு முன் முதல் அளவை எடுத்துவிடவேண்டும்.

அன்புடன்,
கொழும்புக் கிளைச் செயலாளர்