ஆயில் பம்ப் தானாகப் போகுமா, போகாதா? வெளி பம்ப் தேவையா?

வில்லியனூர்க்காரன்
நேற்று ஸ்பேனர் அண்ணன் எழுதியிருந்தார்: "ரோட்டில் ஓடுகிற காரில், இன்ஜின் முழுக்க ஆயிலைத் தள்ளுகிற ஆயில் பம்ப் போகவே போகாது. போச்சு என்பவன் ஆயில் மாற்றாத சோம்பேறி." படித்ததிலிருந்து எனக்கு ஆறவில்லை. என் மச்சானின் டீசல் கார் கன்னியகோயில் தாண்டும்போது சிவப்பு ஆயில் லைட் எரிந்தது. ஓரம் கட்டுவதற்குள் அடியில் டொக்கு டொக்கு என்று சத்தம். கிராங்க் (இன்ஜினின் முக்கியச் சுழல் தண்டு), அதைப் பற்றியிருக்கிற பிக் எண்ட் பேரிங் எல்லாம் காலி. பிரித்துப் பார்த்தால் பம்ப் கியரில் விரிசல். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்றிய வண்டி அது. அதனால்தான் சொல்கிறேன், உள்ளே இருக்கிற பம்பை நம்ப முடியாது. பெல்ட்டில் ஓடுகிற வெளி பம்பும் தனி ஆயில் டேங்கும் போட வேண்டும். போர்ஷே 911-இல் 1964-லேயே தனி டேங்க் வைத்துவிட்டான்.

மஞ்சக்குப்பம் ஸ்பேனர்
படம் எங்கே? விரிசல் விட்ட கியரின் படத்தைப் போடுங்கள், அப்புறம் பேசலாம்.
22 வருஷமாக சம்ப் (இன்ஜின் அடியில் ஆயில் நிற்கிற தொட்டி) கழற்றுகிறேன். விளக்கு எரிந்து வந்த வண்டிகளில் முக்கால்வாசி ஜல்லடை அடைப்பு. பம்ப் எங்கே உறிஞ்சும்? பிக்-அப் குழாய் வாயில் இருக்கிற ஜல்லடை வழியாக. அதில் கசடு அடைத்தால் பம்ப் காற்றைத்தான் இழுக்கும். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே ஒரு முடி கனத்துக்கும் குறைவான இடைவெளி. அங்கே ஆயில் படலம் அறுந்தால் உலோகத்தோடு உலோகம் உரசி, பொடி கிளம்பி, அந்தப் பொடி பம்புக்குள் போய்க் கியரை உடைக்கும். முதலில் இன்ஜின் போச்சு, பிறகுதான் கியர். நீங்கள் தலைகீழாகச் சொல்கிறீர்கள்.

வில்லியனூர்க்காரன்
பொடியைத் தடுக்கத்தானே ஜல்லடை? அதைத் தாண்டி எப்படிக் கியருக்குப் போகும்? கியர்தான் முதலில் போனது.

மஞ்சக்குப்பம் ஸ்பேனர்
ஜல்லடை என்பது கொசுவலை மாதிரி, மாவு சலிக்கிற சல்லடை இல்லை. நைஸ் பொடி தாண்டிப் போகும். படம் எங்கே?

கெடிலக்கரை
இருவரும் ஒன்றைக் கவனிக்கவில்லை. 2023 டிசம்பரில் அமெரிக்காவில் ஃபோர்டு, 1.0 லிட்டர் இன்ஜின் போட்ட ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் கார்களைத் திரும்ப அழைத்தது. காரணம் என்ன? அந்த இன்ஜினில் ஆயில் பம்பை ஓட்டுவது ஆயிலுக்குள்ளேயே சுற்றுகிற ஒரு பெல்ட். அதை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷனர் உடையலாம், பெல்ட் பல் உதிரலாம், ஆயில் அழுத்தம் போய்விடும், பிரேக்குக்கு வருகிற உதவியும் போய்விடும். அமெரிக்காவுக்குப் போன ஈகோஸ்போர்ட் எல்லாம் நம் மறைமலை நகரில் செய்தவை. ஆயிலை எவ்வளவு ஒழுங்காக மாற்றினாலும் டென்ஷனர் உடைந்தால் உடைந்ததுதான். "போகவே போகாது" என்ற ஸ்பேனர் அந்த வார்த்தையைத் திரும்பப் பெற வேண்டும்.

மஞ்சக்குப்பம் ஸ்பேனர்
பெல்ட் போனால் பெல்ட் போச்சு. பம்ப் போச்சு என்று யார் சொன்னது? அந்தக் காரில் பம்பைக் கழற்றி மேசையில் வைத்தால் நன்றாகத்தான் இருக்கும். மோட்டார் கொட்டகையில் ஃபியூஸ் போனால் மோட்டார் எரிந்துவிட்டது என்பீர்களா? நான் சொன்னது பம்ப். பம்ப் போகாது.

கெடிலக்கரை
ஆயில் வரவில்லை என்றால் ஓட்டுகிறவனுக்கு எது போனால் என்ன?

மஞ்சக்குப்பம் ஸ்பேனர்
பில் போடுகிற எனக்கு அது முக்கியம்.

முத்தியால்பேட்டை 72
ஸ்பேனர் அண்ணே, நிஸான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர் தெரியுமா? அதில் ஆர்32 மாடலின் ஆர்.பி.26 இன்ஜினில், ஆரம்ப மாடல்களில், பம்ப் கியரைச் சுழற்றுகிற கிராங்கின் காலர் நீளம் குறைவு. அதிக ஆர்.பி.எம்-இல் அதிர்ந்து அதிர்ந்து கியரே சில்லு சில்லாக உடையும். ஜல்லடை அடைப்பு இல்லை, பெல்ட்டும் இல்லை. கியரேதான். ஜப்பானில் தெரிந்த விஷயம் இது.

மஞ்சக்குப்பம் ஸ்பேனர்
பாகூர் ரோட்டில் எத்தனை ஜி.டி.ஆர் ஓடுகிறது? ரேஸ் வண்டிக் கதையை வைத்து டீசல் காருக்கு மருந்து எழுதாதீர்கள். வில்லியனூர் தம்பி இன்னும் படம் போடவில்லை.

வில்லியனூர்க்காரன்
படம் மச்சானிடம் இருக்கிறது. கேட்டிருக்கிறேன்.

அரியாங்குப்பம் தம்பி
தெரியாமல் கேட்கிறேன். வெளி பம்ப் போட்டால் அழுத்தம் கூடுமா?

மஞ்சக்குப்பம் ஸ்பேனர்
நல்ல கேள்வி தம்பி. பம்ப் அழுத்தத்தை உண்டாக்காது, ஆயிலைத் தள்ளும். பேரிங் இடைவெளியில் அந்த ஆயில் நெரிபடும்போதுதான் அழுத்தம் வரும். அது அளவை மீறினால் ரிலீஃப் வால்வு திறந்து ஆயிலைத் திருப்பி விடும். எவ்வளவு பெரிய பம்ப் வைத்தாலும் வேகமாக ஓடும்போது வால்வு வைத்த இடத்தில்தான் அழுத்த முள் நிற்கும். தேய்ந்த பேரிங்கில் சூடான ஐட்லிங்கில் அழுத்தம் குறைந்தால், பெரிய பம்ப் அந்த நோயைக் கொஞ்ச நாள் மூடி வைக்கும். அவ்வளவுதான்.
அப்புறம், வெளி பம்ப் என்றால் ஹோஸ். ஹோஸ் என்றால் ஜாயிண்ட். ரெட்டிச்சாவடி தாண்டி ஒரு வேகத்தடையில் கீழே இருக்கிற ஹோஸ் அடிபட்டால், அந்த நல்ல பம்பே நாலைந்து லிட்டர் ஆயிலையும் ரோட்டில் ஊற்றிவிடும். ஹோஸ் போடாமலே எத்தனை சம்ப் நசுங்கி வருகிறது தெரியுமா? தகடு மேலே எழும்பி பிக்-அப் வாயை அடைத்துக்கொள்ளும். ஆயில் அளக்கிற டிப் ஸ்டிக்கில் ஆயில் சரியாக இருக்கும், விளக்கு எரியும், ஆள் குழம்புவான். நேராக்க வேண்டியது சம்பை. புது பம்ப் வாங்குவதில் ஒரு பலனும் இல்லை.

முத்தியால்பேட்டை 72
வில்லியனூர் சொன்ன வெளி பம்ப், தனி டேங்க் ஏற்பாடு (டிரை சம்ப்) முழுசாக வேண்டாம் என்றால் அக்யூசம்ப் மாதிரி ஒரு சிலிண்டர் போடலாம். ஒரு பக்கம் காற்று, ஒரு பக்கம் ஆயில், நடுவே பிஸ்டன். அழுத்தம் விழுந்தவுடன் சேமித்த ஆயிலைத் தள்ளும். வளைவில் ஆயில் ஒதுங்குகிற சில நொடிகளுக்குப் போதும். ஸ்டார்ட் பண்ணும் முன்பே பேரிங்கை நனைக்கும். தனி டேங்கிலும் தொல்லை உண்டு. 1972 மாடல் 911-இல் ஆயில் ஊற்றும் மூடியை வெளியே வலது பக்கத்தில் வைத்தார்கள். பங்க் பையன்கள் அதில் பெட்ரோல் ஊற்றிவிட, அடுத்த வருஷமே எடுத்துவிட்டார்கள்.

வில்லியனூர்க்காரன்
அந்தச் சில நொடிதான் என் மச்சானுக்குத் தேவைப்பட்டது. அதைத்தான் நானும் சொல்கிறேன்.

மஞ்சக்குப்பம் ஸ்பேனர்
விளக்கு எரிந்தவுடன் சாவியைத் திருப்பியிருந்தால் அதுவே போதும். உங்கள் மச்சான் எவ்வளவு தூரம் ஓட்டினார்?

வில்லியனூர்க்காரன்
ஓரம் கட்ட இடம் இல்லை, லாரி பின்னால் வந்தது.

மஞ்சக்குப்பம் ஸ்பேனர்
நியூட்ரல் போட்டு இன்ஜினை நிறுத்தி உருட்டலாம். சரி, ஃபெஞ்சல் புயலில் அந்த வண்டி தண்ணீரில் நின்றதா இல்லையா? நேராகப் பதில் சொல்லுங்கள்.

வில்லியனூர்க்காரன்
நின்றது. 2024 நவம்பர் கடைசியில் பாண்டிச்சேரியில் யார் வண்டிதான் நிற்கவில்லை? பிறகு கடலூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் சம்பைக் கழற்றி, கழுவி, ஆயில் மாற்றித்தான் எடுத்தோம்.

மஞ்சக்குப்பம் ஸ்பேனர்
வந்துவிட்டது பாருங்கள். சம்பைத் திரும்ப ஒட்டும்போது சிலிகான் பசையைப் பிதுக்கிப் பிதுக்கி வைத்திருப்பார்கள். உள்ளே பிதுங்கிய பசை காய்ந்து, உதிர்ந்து, ஜல்லடையில் உட்கார்ந்திருக்கும். நான் முதல் பதிவிலேயே சொன்னது.

கெடிலக்கரை
முதல் பதிவில் கசடு என்றீர்கள். பசை என்று சொல்லவில்லை.

மஞ்சக்குப்பம் ஸ்பேனர்
அடைப்பு என்றால் அடைப்பு.

வில்லியனூர்க்காரன்
அப்படியானால் தப்பு உங்கள் ஊர் ஒர்க்‌ஷாப் மேல்தான். பாண்டியிலேயே செய்திருக்க வேண்டும்.

மஞ்சக்குப்பம் ஸ்பேனர்
கடலூர்க்காரன் கையை வைத்துப் பேசாதே தம்பி. வரி குறைவு என்று பாண்டிச்சேரி பி.ஒய். நம்பர் போட்டுக்கொண்டு வேலைக்கு மட்டும் எங்கள் ஊருக்கு வருவீர்கள், கூலியில் பேரம் பேசுவீர்கள், வண்டி நின்றால் எங்கள் மேல் பழி. 'தானே' புயலிலும் 2015 வெள்ளத்திலும் எத்தனை வண்டியை ராத்திரி பகலாகக் கழுவிக் கொடுத்தோம்!

அரியாங்குப்பம் தம்பி
நம்பர் பிளேட்டுக்கும் ஆயிலுக்கும் என்ன சம்பந்தம் அண்ணே?

முத்தியால்பேட்டை 72
இவ்வளவு சண்டைக்கு ஒரு வழி இருந்தது. வெள்ளத்துக்குப் பிறகு விளக்கை எரிய வைக்கிற ஆயில் ஸ்விட்சைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் அழுத்தம் காட்டுகிற பிரஷர் கேஜ் மாட்டி, இன்ஜின் சூட்டில் ஒருமுறை பார்த்திருக்கலாம். விளக்கு எரிகிறபோது அழுத்தம் கிட்டத்தட்ட போயே போயிருக்கும். கேஜ் முன்கூட்டியே காட்டும்.

மஞ்சக்குப்பம் ஸ்பேனர்
கேஜா? போன வருஷம் என் கேஜை இரண்டு நாளில் தருகிறேன் என்று வாங்கிப் போனது யார்? நீங்கள்தான். இன்னும் வரவில்லை. அதனால்தான் நான் இப்போது காதால் கேட்டு வேலை பார்க்கிறேன்.

முத்தியால்பேட்டை 72
பொங்கலுக்கு முன்பே திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் பக்கத்தில் உங்கள் பையனிடம் கொடுத்தேன்.

மஞ்சக்குப்பம் ஸ்பேனர்
என் பையன் வாங்கவில்லை என்கிறான்.

வில்லியனூர்க்காரன்
மச்சான் படம் அனுப்பிவிட்டான். கியரில் விரிசல் தெளிவாகத் தெரிகிறது. இப்போது என்ன சொல்கிறீர்கள்?

மஞ்சக்குப்பம் ஸ்பேனர்
விரிசல் தெரிகிறது. பக்கத்திலேயே வட்ட வட்டமாகக் கீறலும் தெரிகிறது. பொடி போன தடம் அது. இன்ஜின் முதலில், கியர் பிறகு. ஜல்லடையின் படத்தைப் போடுங்கள்.

வில்லியனூர்க்காரன்
ஜல்லடையை எடைக்குப் போட்டுவிட்டார்கள்.