தீர்த்தமலையில் பெரியப்பாவுக்குக் கிடைத்த பதில்

செய்த பாவத்துக்குக் கடவுளிடம் அழுதால் போதுமா என்ற பேச்சு எழும்போதெல்லாம் எங்கள் பெரியப்பாதான் நினைவுக்கு வருவார்.

அப்பா இறந்த பிறகு, எங்கள் மாந்தோப்பு ஓரத்து வரப்பை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் பக்கம் தள்ளிக்கொண்டே வந்தவர் அவர். அம்மா சண்டை போட்டார், ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசினார். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது. பிறகு பெரியப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய், தீர்த்தமலைக்குத் துணைக்கு வரச்சொல்லி என்னைக் கூப்பிட்டார். "போய்ட்டு வா, வயசானவர்" என்று அம்மாதான் அனுப்பினார்.

அரூர் பக்கம் இருப்பவர்களுக்கு அந்த மலையைச் சொல்ல வேண்டியதில்லை. ராவண வதம் முடித்துத் திரும்பிய ராமர் அங்கே சிவபூஜைக்கு நின்றார், அனுமன் தண்ணீர் கொண்டுவரத் தாமதமானதால் அம்பு விட்டுப் பாறையிலிருந்தே நீரை வரவழைத்தார் என்பது தலபுராணம். குமார, கௌரி, அகத்தியர், அக்னி தீர்த்தங்களும் உண்டு. ஆனாலும் உயரத்திலிருந்து தலையில் விழும் ராமர் தீர்த்தத்துக்குத்தான் கூட்டம்.

பெரியப்பா அதில் வெகுநேரம் நின்றார். பூஜை முடிந்ததும் குருக்களிடம் மெதுவாகக் கேட்டார்: "நிலத்துக்காகச் செஞ்ச பாவம் இதுல போயிடுமா சாமி?"

"நிலம் இப்ப யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார் குருக்கள்.

பெரியப்பா பதில் சொல்லவில்லை. படி இறங்கி முடிக்கும் வரை என்னிடமும் பேசவில்லை.

எனக்கு அப்பர் வரலாறுதான் ஓடிக்கொண்டிருந்தது. சமணம் போய்த் தருமசேனர் என்று பெயர் பெற்றவர், சூலை நோய் என்ற கொடிய வயிற்றுவலி தாங்காமல் திரும்பி வந்தபோது நேரே திருவதிகைச் சிவன் சன்னதிக்குப் போகவில்லை. தான் விட்டுவிட்டுப் போன அக்கா திலகவதியாரின் காலில்தான் முதலில் விழுந்தார். அவர் திருநீறு கொடுத்துக் கூட்டிப்போன பிறகுதான் பதிகமும், நோய் தீர்ந்ததும். பெரியபுராணம் சொல்லும் இந்த வரிசையை நான் பெரிதாக நினைக்கிறேன். இறைவன் பொறுப்பான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எவ்வளவு கெட்ட நடத்தை உள்ளவனும் வேறு நினைப்பின்றித் தன்னை வழிபட்டால் அவனை நல்லவனாகவே கொள்ள வேண்டும் என்று கீதையில் கண்ணனே சொல்கிறான். ஆனால் அடுத்த சுலோகத்திலேயே, அவன் விரைவில் அறவழியில் நிற்பவனாகிறான் என்கிறான். அதை விட்டுவிட்டு முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொள்வது சரியில்லை.

மறுநாள் காலையிலேயே பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. "தப்புப் பண்ணிட்டேம்மா, பொறுத்துக்க" என்றார்.

அம்மா தலைமுந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, "சாமி பொறுத்துக்கும் மாமா. நீங்க கல்லை எடுத்துப் பழைய எடத்துல நடுங்க" என்றார்.

சர்வேயரை வைத்து அளந்து அப்படியே நட்டுக் கொடுத்தார். அம்மாவுக்கு இன்னும் மனசு முழுசாக ஆறவில்லை, பெரியப்பா வீட்டு விசேஷத்துக்குப் போனாலும் சாப்பிடாமல்தான் வருகிறார். பெரியப்பா அதற்காக ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை.